சார்ஜர் இல்லாத மலைக்கு மின்காரில் போகலாமா? கிர்க்வுட் பனிச்சறுக்குப் பயணத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி இது: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் ஒரு குடும்பம். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே விடுமுறைக்கு, சியரா மலையிலுள்ள கிர்க்வுட்டில் இரண்டு இரவு கேபின் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது 75 யூனிட் பேட்டரி கொண்ட ஆல்-வீல் டிரைவ் மின்கார். கேபினில் சார்ஜர் கிடையாது. "எல்லாரும் பெட்ரோல் கார் வாடகைக்கு எடு என்கிறார்கள். ஃபாஸ்ட் சார்ஜர் இல்லாத மலைக்குப் பிள்ளைகளோடு மின்காரில் போவது ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். எட்டுக் குளிர்காலமாக நான் சியரா மலைக்கு மின்காரில்தான் போய் வருகிறேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவன் என்பதால் உங்கள் பயம் எனக்குத் தெரியும். என் அனுபவத்தில், மலைமேல் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறதா என்று தேடுவதில்தான் எல்லாரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். பயணத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: மலையடிவாரத்தை விட்டுக் கிளம்பும்போது பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, படுக்கிற இடத்தில் ஒரு சாதாரண பிளக் பாயிண்ட் கிடைக்குமா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மேலே ஃபாஸ்ட் சார்ஜரே தேவையில்லை.

முதலில் பாதையைப் பார்ப்போம். ஃப்ரீமான்ட்டிலிருந்து ஸ்டாக்டன் சுமார் 60 மைல். அங்கிருந்து 88ஆம் நெடுஞ்சாலையில் ஜாக்சன் 45 மைல். ஜாக்சனிலிருந்து கிர்க்வுட் இன்னொரு 60 மைல். கடைசி 60 மைலில்தான் எல்லாம் இருக்கிறது. ஜாக்சன் ஏறத்தாழ 1,200 அடி உயரம், கிர்க்வுட்டின் அடிவாரக் கிராமமே 7,800 அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவதும் கிட்டத்தட்ட இதே ஏற்றம்தான் என்றால் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஏற்றத்துக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். கார், நான்கு பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 2,250 கிலோ என்று வையுங்கள். 2,000 மீட்டர் தூக்க வேண்டும். எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 12 யூனிட் சொச்சம் வரும். மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் போகிற இழப்பைச் சேர்த்தால் 14 யூனிட். (ஒரு யூனிட் என்பது கிலோவாட்-மணி, நம் ஊர் மின்கட்டணத்தில் வருகிற அதே யூனிட்.) இது வெறும் தூக்குக்கூலி. சமதளத்தில் ஓடினாலும் ஆகிற செலவு இதற்கு மேல் வரும்: ஈரப்பனியில், குளிர்காலத்தில், மைலுக்கு 0.3 யூனிட் வீதம் 60 மைலுக்கு 18 யூனிட். ஹீட்டருக்கு ஒரு 3 யூனிட். ஆக, ஜாக்சனிலிருந்து கிர்க்வுட் போய்ச் சேர 35 யூனிட். உங்கள் பேட்டரியில் ஏறக்குறைய பாதி, 60 மைலில் போய்விடும்.

வீட்டிலிருந்து 100 சதவீதத்தில் கிளம்பி எங்கும் நிற்காமல் போனால் என்ன ஆகும்? கூரைமேல் பெட்டி கட்டி, மழைக்காலத்தில், சமவெளியில் மைலுக்கு 0.31 யூனிட் பிடிக்கும். ஸ்டாக்டனில் 56 யூனிட் மிச்சம். அங்கிருந்து ஜாக்சன் வரை சின்ன ஏற்றத்தையும் சேர்த்து 17 போனால் 39. மேலே 35 வேண்டும். கிர்க்வுட்டில் போய் நிற்கும்போது 4 யூனிட், அதாவது 5 சதவீதம். காகிதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நடைமுறையில் ஒரு எதிர்க்காற்றோ, டயருக்குப் பனிச்செயின் போடச் சொல்லி ஒரு மணி நேரம் நிறுத்துவதோ போதும், அந்த 4 யூனிட்டும் இருக்காது. கார் திரையில் கிளம்பும்போது காட்டும் "சேரும்போது 15 சதவீதம்" என்ற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். மலை உயரத்தை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆனால் உங்கள் கூரைப் பெட்டி அதற்குத் தெரியாது. சாலையில் கிடக்கும் நாலு அங்குல ஈரப்பனியும் தெரியாது.

அதனால் ஸ்டாக்டன் பக்கம் ஒரு முறை நின்று 95 சதவீதம்வரை ஏற்றிக்கொள்ளுங்கள். 80க்கு மேல் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும், கூடுதலாக 20, 25 நிமிடம் ஆகும். வழக்கமான நெடும்பயணத்தில் 80க்கு மேல் நிற்காதே என்று நானே சொல்வேன். மலையடிவாரத்தில் மட்டும் அந்த விதியை மறந்துவிடுங்கள். பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, கழிப்பறைக்கு அனுப்பி முடிக்க அந்த நேரம் எப்படியும் ஆகும். 95 சதவீதத்தில், அதாவது 71 யூனிட்டில் கிளம்பினால் ஜாக்சனில் 54, கிர்க்வுட்டில் 19. கால் பேட்டரி. இதுதான் நான் ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்சம். பேட்டரி 60 யூனிட்டுக்குக் கீழே உள்ள காராக இருந்தால் ஜாக்சன் பக்கத்தில் இன்னொரு முறை நிற்காமல் மேலே போக வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கிற பெரிய சேமிப்பு கூரைப் பெட்டி. பிள்ளைகள் வயதுக்கு ஸ்கீயும் பூட்ஸும் வாடகைக்குத்தான் எடுப்பீர்கள். அதை ஊரில் எடுத்து மேலே கட்டிக்கொண்டு போகாமல், மலையிலேயே எடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் பெட்டி இல்லாவிட்டால் சமவெளியில் மட்டும் 4 யூனிட்டாவது மிஞ்சும். சொந்த ஸ்கீ இருந்தால் பின்சீட்டின் நடுப்பகுதியை மடக்கி உள்ளேயே நீளவாக்கில் வையுங்கள். வேகமும் அப்படித்தான்: 75 மைலில் போவதை 65 ஆக்கினால் காற்றை முட்டித் தள்ளும் செலவில் கால் பங்கு குறையும். வீட்டிலிருந்து ஸ்டாக்டன் வரை இதற்காகும் கூடுதல் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

இனி குளிர். குளிரில் பேட்டரி "காலியாகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. குளிர்ந்த பேட்டரியின் உள்ளே மின்தடை கூடுகிறது. உள்ளே இருக்கிற மின்சாரத்தில் ஒரு பகுதியை வெளியே எடுக்க முடியாமல் போகிறது, சூடேறியதும் அது திரும்பக் கிடைக்கும். சில கார்களில் காலையில் பேட்டரிப் படத்தில் நீல நிறத்தில் ஒரு துண்டு தெரியும், அது இதுதான். சார்ஜ் ஏற்றும்போது விஷயம் இன்னும் கடுமை. உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போதிய வேகத்தில் நுழைய முடியாமல், மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். அது பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். அதனால்தான் குளிர்ந்த பேட்டரியில் கார் தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைக்கிறது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தையும் தடுக்கிறது. உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியாக இருந்தால் இந்தத் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடும். அந்த வகையில் சதவீதக் கணிப்பும் பிசகும், கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு தடவை 100 வரை ஏற்றிவிடுங்கள்.

இதிலிருந்து வருகிற முதல் பாடம்: கேபினுக்குப் போய்ச் சேர்ந்த உடனேயே பிளக்கைச் சொருகுங்கள். மூட்டையை இறக்குவதற்கு முன்பே. மணிக்கணக்கில் ஓடி மலையேறிய பேட்டரி அப்போது வெதுவெதுப்பாக இருக்கும், கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். "சாப்பிட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், இரவு முழுக்கக் குளிர்ந்துபோன பேட்டரியைச் சூடாக்கவே சுவர் பிளக்கின் மின்சாரம் முழுவதும் போய்விடும். திரையில் "சார்ஜ் ஆகிறது" என்று இருக்கும், சதவீதம் அசையாது.

அந்தச் சுவர் பிளக்கின் கணக்கை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், உங்கள் பயணம் அதில்தான் நிற்கிறது. அமெரிக்காவின் சாதாரண 120 வோல்ட் பாயிண்ட்டில் கார் 12 ஆம்பியர் இழுக்கும். 1.44 கிலோவாட். சார்ஜ் ஆகும்போது காரின் கணினியும் பம்புகளும் விழித்திருக்க ஒரு 300 வாட் போகும், குளிரில் பேட்டரியைச் சூடாக வைக்க இன்னும் கொஞ்சம். மணிக்கு 0.8 முதல் 1 யூனிட்தான் உள்ளே சேரும். கேட்கவே அற்பமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நீங்கள் வெள்ளி இரவு பத்து மணிக்குச் சொருகி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கழற்றினால் 40 மணி நேரம். குறைத்து மதிப்பிட்டாலும் 30 யூனிட். 19 யூனிட்டில் போய் நின்ற கார், 49 யூனிட்டில், 65 சதவீதத்தில் கிளம்பும். பனிச்சறுக்குப் பயணத்தில் கார் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. அந்த நேரம்தான் உங்களுடைய சார்ஜர்.

ஆனால் பாயிண்ட் பழையது, சூடாகிறது என்று ஆம்பியரைக் குறைக்க வேண்டி வந்தால் கவனம். 12ஐ 8 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். காரின் சொந்தச் செலவான அந்த 300 வாட் குறையாது. உள்ளே சேர்வது கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

கிர்க்வுட்டில் பிளக் பாயிண்ட்டைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் அந்த ஊரின் மின்சார வரலாறு. பனிச்சறுக்குத் தளம் 1972ல் திறந்தது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் மாநில மின்கட்டத்தோடு சேரவே இல்லை. டீசல் ஜெனரேட்டர்தான். 2010 புத்தாண்டு அன்று ஜெனரேட்டர் கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது, தற்காலிக ஜெனரேட்டர்களை வைத்து ஓட்டினார்கள். 2014 கடைசியில்தான் வெளியிலிருந்து மின்கம்பி வந்து சேர்ந்தது. மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் கட்டிய கேபின்கள் அங்கே உண்டு. ஒரே பிரேக்கரில் நான்கு அறைகளின் பாயிண்ட்டுகளைக் கோத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

என் முதல் குளிர்காலத்தில் இதில்தான் மாட்டினேன். வேறொரு மலை ஊர், இதே மாதிரி பழைய கேபின். 11 சதவீதத்தில் போய்ச் சேர்ந்து, வெளிச்சுவர் பாயிண்ட்டில் சொருகிவிட்டு, நிம்மதியாகப் படுத்தோம். பிள்ளைகள் அறையில் குளிர் என்று அங்கிருந்த சின்ன மின் ஹீட்டரைப் போட்டிருந்தோம். இரண்டும் ஒரே பிரேக்கர். நடு இரவில் அது டிரிப் ஆகியிருக்கிறது. காலையில் பிள்ளைகள் அறை ஐஸ் மாதிரி, கார் 7 சதவீதம். மகளின் கை சில்லிட்டுப் போயிருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அன்றைக்கு வேறு பாயிண்ட் கண்டுபிடித்து, ஒரு நாள் கூடுதலாகத் தங்கித்தான் இறங்கினோம்.

ஆகவே கேபின்காரருக்கு இன்றே எழுதுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் 120 வோல்ட் பாயிண்ட் இருக்கிறதா, காருக்கு அதைப் பயன்படுத்த அனுமதி உண்டா, அதே பிரேக்கரில் வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். பிப்ரவரியில் அந்தப் பாயிண்ட் பனிக்கு மேலே இருக்குமா என்றும் மறக்காமல் கேளுங்கள். சிரிக்க வேண்டாம், வெளிச்சுவரில் இரண்டடி உயரத்தில் இருக்கும் பாயிண்ட் ஐந்தடிப் பனிக்குள் புதைந்து கிடப்பதை நான் மண்வெட்டியால் தோண்டி எடுத்திருக்கிறேன். சில இடங்களில் பனிக்காலத்தில் கேபின் வாசலில் நிறுத்தவே விடமாட்டார்கள், பனி அள்ளும் வண்டி போக வழி வேண்டும் என்று தூரத்தில் ஒரு வளாகத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அப்படியென்றால் பிளக் கணக்கே இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டத்தை மாற்ற வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன் வயர் முடிந்தவரை வேண்டாம். வேறு வழியில்லை என்றால் 12 கேஜ் தடிமன், வெளிப்புறப் பயன்பாட்டுக்கானது, எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் உடனே கழற்றிவிடுங்கள். பனி அள்ளும் வண்டியின் பாதையில் வயர் கிடக்கக் கூடாது.

கேபினில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு 240 வோல்ட் பாயிண்ட் இருந்து, அது கராஜிலோ வாசலை ஒட்டியோ இருந்தால் அதிர்ஷ்டம். 30 ஆம்பியர் பாயிண்ட்டில் கார் 24 ஆம்பியர் எடுக்கும், 5.7 கிலோவாட். ஒரே இரவில் வேலை முடிந்தது. அதற்குப் பொருத்தமான, கார் கம்பெனியே விற்கும் அடாப்டர் வேண்டும். நான்கு துளை கொண்டது புதிய வகை. மூன்று துளை உள்ள பழைய வகையில் தனி எர்த் கிடையாது, அதில் நான் போடமாட்டேன்.

சாலைக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் பனி விழுந்தால் கால்ட்ரான்ஸ் (மாநிலப் போக்குவரத்துத் துறை) மூன்று கட்டமாகக் கட்டுப்பாடு வைக்கும். ஆர்-2 என்றால், நான்கு சக்கரத்திலும் பனிக்கேற்ற டயர் உள்ள ஆல்-வீல் கார்களுக்கு மட்டும் செயின் இல்லாமல் போக அனுமதி. அதற்கும் காரில் செயின் இருந்தாக வேண்டும். ஆர்-3 என்றால் எல்லாருக்கும் செயின், ஆனால் அந்த நிலைக்கு முன்பே பெரும்பாலும் சாலையை மூடிவிடுவார்கள். மின்காரில் சிக்கல் என்னவென்றால், பெரிய சக்கரம் போட்ட பல மாடல்களில் செயினுக்கு இடைவெளி போதாது. கையேட்டில் எந்த அளவுச் சக்கரத்துக்கு எந்த வகைச் செயின் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து வாங்கி, வீட்டு வாசலில் ஒரு தடவை போட்டுப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். செயினோடு 25, 30 மைல் வேகம்தான். பயணம் இரண்டு மணி நேரம் நீண்டால் ஹீட்டருக்கு 4 யூனிட் கூடும். மெதுவாகப் போவதால் காற்றுத்தடையில் கொஞ்சம் ஈடாகும், ஈரப்பனியை டயர் உழுதுகொண்டு போவதில் அது மறுபடி செலவாகிவிடும்.

88ல் எனக்கு உண்மையாகவே கவலை தருவது கார்சன் ஸ்பர். கிர்க்வுட்டுக்கு மேற்கே, கொஞ்சம் முன்னால், செங்குத்துச் சரிவை ஒட்டிய துண்டு. பனிச்சரிவு ஆபத்து இருந்தால் அதை மூடிவிட்டு, பனியை வெடிவைத்து இறக்கிய பிறகே திறப்பார்கள். சில மணி நேரம் ஆகலாம், புயலில் நாள் கணக்கிலும் ஆகலாம். நீங்கள் ஜாக்சனைத் தாண்டி 50 மைல் ஏறிய பிறகு மூடினால், நல்லவேளையாக வந்த வழியே இறங்கலாம், இறக்கத்துக்கு அதிகம் ஆகாது. சுற்றுவழி வேண்டுமானால் பிளேசர்வில் போய் 50ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, லூத்தர் கணவாயும் 8,574 அடி கார்சன் கணவாயும் ஏறி, மறுபக்கத்திலிருந்து கிர்க்வுட் வர வேண்டும். ஜாக்சனிலிருந்து 60 மைல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அந்த நிலையில் சவுத் லேக் டாஹோவில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல். கிளம்பும் முன்பும் ஜாக்சனிலும் கால்ட்ரான்ஸின் இணையச் சாலை வரைபடமான குவிக்மேப்பில் ஸ்பர் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் மேலே ஏறாதீர்கள்.

"நடுவழியில் பனியில் மாட்டிக்கொண்டால் பேட்டரி தீர்ந்து உறைந்து போவோமே" என்பது உங்கள் மனைவியின் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எண்ணாகப் பார்த்தால் பயம் குறையும். நிற்கும் காருக்குள்ளே வெதுவெதுப்பாக வைத்திருக்க மணிக்கு 1 முதல் 2 யூனிட் ஆகும். 25 யூனிட் கையில் இருந்தால் சிக்கனமாக 15 மணி நேரத்துக்கு மேல் தாங்கலாம். சீட் ஹீட்டர் ஒவ்வொன்றும் 100 வாட்டுக்குள்தான் இழுக்கும். அதைப் போட்டு, போர்வை போர்த்தி, உள்ளே காற்றின் வெப்பத்தை 16 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கினால் ஒரு நாளே ஓட்டலாம். 2022 ஜனவரியில் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் பனியால் வாகனங்கள் நின்றபோது செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் காரில் இருந்தார். அப்படி ஒரு இரவில் பெட்ரோல் காருக்கும் டேங்கில் இருப்பதுதான் கணக்கு. அதோடு அதற்கு இன்னொரு ஆபத்து: புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், மணிக்கொரு தடவை இறங்கிப் பனியை ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தூங்குகிற பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டால் நான் இருக்க விரும்புவது மின்காரில்தான். ஒரே நிபந்தனை, மலையில் எந்த இடத்திலும் 20 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர், நொறுக்குத் தீனி, ஆளுக்கொரு கம்பளி, ஒரு சின்ன மண்வெட்டி எப்போதும் காரில் இருக்கட்டும்.

நிற்கும் காரில் சத்தமில்லாமல் போகிற செலவையும் பாருங்கள். நிறுத்திய காரைச் சுற்றிக் கண்காணிக்கும் கேமரா காவலை அணைத்துவிடுங்கள், அது ஒன்றே நாளுக்கு 5, 6 யூனிட் தின்றுவிடும். போனில் ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தாலும் ஒவ்வொரு தடவையும் கார் விழித்துக்கொள்ளும். கிளம்புவதற்கு 40 நிமிடம் முன்பு, பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடேற்றுங்கள். 120 வோல்ட் அந்தச் செலவு முழுவதையும் ஈடுகட்டாது, ஆனாலும் பாதியாவது சுவரிலிருந்து வரும். கதவுக் கைப்பிடியும் சார்ஜ் மூடியும் உறைந்திருந்தால் இதிலேயே இளகும். வெந்நீர் ஊற்ற வேண்டாம், அது அங்கேயே மறுபடி உறையும்.

இறங்கும்போது கணக்கு உங்கள் பக்கம். மேலே ஏற்றிய 12 யூனிட்டில் ஏழெட்டாவது திரும்பக் கிடைக்கும். 60 மைல் இறங்கி ஜாக்சன் வர நிகரமாக 12 யூனிட் அளவுதான் செலவு. இரண்டு விஷயம் மட்டும். 240 வோல்ட் கிடைத்தது என்று 100 சதவீதத்தில் இறக்கத்தைத் தொடங்காதீர்கள். திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பிடிக்கும், பழகிய ஒற்றைப் பெடல் பிரேக் திடீரென்று பிடிக்காதது போல இருக்கும். குளிர்ந்த பேட்டரியிலும் இதேதான். முதல் ஐந்து மைலுக்கு பிரேக் பெடலில் கால் தயாராக இருக்கட்டும். பனிக்கட்டி படிந்த வளைவுகளில் ரீஜென் (மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் இந்த பிரேக்) அளவைக் குறைத்து வைப்பதும் நல்லது, சட்டென்று காலை எடுத்தால் சக்கரம் வழுக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இறக்கத்தில் மோட்டாருக்கு வேலை குறைவு, அதனால் ஒன்றரை மணி நேரம் ஓட்டிய பிறகும் பேட்டரி குளிர்ந்தேதான் இருக்கும். அப்படியே ஃபாஸ்ட் சார்ஜரில் போய் நின்றால் பாதி வேகம்கூட வராது. ஜாக்சன் தாண்டும்போதே நேவிகேஷனில் சார்ஜரையே சேருமிடமாகப் போட்டுவிடுங்கள், கார் தானாகவே பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு வரும். உங்களுடையது 800 வோல்ட் பேட்டரி கொண்ட காராக இருந்தால், இப்போது பெரும்பாலான டெஸ்லா சார்ஜர்களில் அது தன் முழு வேகத்தில் ஏறாது, 350 கிலோவாட் என்று போட்டிருக்கும் மற்ற சார்ஜர்களைத் தேடுங்கள். நீள்விடுமுறை ஞாயிறு மாலையில் மலையிலிருந்து இறங்கும் எல்லாரும் அடிவாரத்தின் முதல் சார்ஜரில்தான் வரிசை கட்டுவார்கள். 49 யூனிட்டில் கிளம்பிய நீங்கள் அதைத் தாண்டி ஸ்டாக்டன் வரை வரலாம், அங்கே 24 யூனிட் மிச்சம் இருக்கும்.

எப்போது போகாதே என்பேன்? குளிர்காலப் புயல் எச்சரிக்கை இருந்தால் எந்த காரிலும் போகாதீர்கள். 2021 டிசம்பரில் டானர் கணவாய் அருகே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகப் பனி ஆய்வுக்கூடம் ஒரே மாதத்தில் 200 அங்குலத்துக்கு மேல் பனியை அளந்தது. ஐ-80 நெடுஞ்சாலை நாள் கணக்கில் மூடப்பட்டது, அடிவார ஊர்களில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் உங்கள் பிளக்கும் போகும், பெட்ரோல் பம்பும் ஓடாது. வானம் தெளிவாக இருந்தும் கேபின்காரர் பிளக் தரமாட்டேன் என்றால், 25 சதவீதத்தில் போய் நின்று இரண்டு இரவு குளிரில் விறைத்து இறங்குவது என்ற சூதாட்டத்தைப் பிள்ளைகளோடு ஆட வேண்டாம். அப்போது பெட்ரோல் கார் எடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. அல்லது கேபினை சவுத் லேக் டாஹோவுக்கு மாற்றி, அங்கேயே இருக்கும் ஹெவன்லியில் சறுக்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் பனி எந்த மலையில் என்பது பெரிய விஷயமாக இருக்காது.

கேபின்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பாயிண்ட்டையும் பிரேக்கர் பெட்டியையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை ஆம்பியர் வைப்பது பத்திரம் என்று பார்த்துச் சொல்கிறேன்.